மார்பக அறுவை: பத்தாண்டுக் கணக்கு

அறுவை சிகிச்சை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிந்தைய கவனிப்பு ஆண்டுக்கணக்கில் தொடரும். பெரிதாக்கிக்கொள்ள விரும்பும் பெண் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை.

மும்பையானாலும் டெல்லியானாலும் ஹைதராபாத்தானாலும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். பிளாஸ்டிக் சர்ஜனின் மேஜை மீது நாலைந்து சிலிகான் பைகள். எதிரே அமர்ந்திருக்கும் பெண் ஒன்றைக் கையில் எடுத்து மெல்ல அழுத்திப் பார்க்கிறார். அவர் கேட்கும் கேள்விகளும் பழக்கமானவை. வலிக்குமா? தழும்பு தெரியுமா? எத்தனை நாள் லீவு போட வேண்டும்? செலவு எவ்வளவு ஆகும்?

அதிகம் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. பத்து வருடம் கழித்து இது என்ன ஆகும்?

எஃப்.டி.ஏ. எனப்படும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011-ல் வெளியிட்ட அறிக்கை இதற்கு நேரடியாகவே பதில் சொன்னது. மார்பகத்தைப் பெரிதாக்குவதற்காக இம்பிளான்ட் பொருத்திக்கொண்ட பெண்களில் ஐந்தில் ஒருவர் வரை பத்தாண்டுகளுக்குள் அதை அகற்ற வேண்டிய நிலைக்கு வருகிறார். இம்பிளான்ட் என்பது ஆயுள் முழுவதும் உழைக்கும் சாதனமல்ல என்பதையும் அந்த நிர்வாகம் திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறது. அதாவது, 25 வயதில் இதைச் செய்துகொள்ளும் பெண் வாழ்நாளில் இன்னொரு முறையாவது ஆபரேஷன் மேஜையில் படுக்கத் தயாராக இருக்க வேண்டும்.

ஹூஸ்டனில் தொடங்கியது

இதன் வரலாறு அவ்வளவு இதமானதல்ல. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் பாரஃபின் மெழுகை ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார்கள். புண்ணும் கட்டியும்தான் மிச்சம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் திரவ சிலிகானை ஊசியால் ஏற்றும் பழக்கம் பரவியது. அதுவும் விபரீதத்தில் முடிந்தது. சிலிகானை ஒரு பைக்குள் அடைத்துப் பொருத்தும் முறையை 1962-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரு சர்ஜன்கள் தொடங்கிவைத்தார்கள்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1992-ல், பாதுகாப்பு பற்றிய ஆதாரம் போதவில்லை என்று கூறி, அழகுக்காக சிலிகான் ஜெல் பைகளைப் பொருத்துவதை எஃப்.டி.ஏ. நிறுத்திவைத்தது. வழக்குகள் குவிந்தன. 1995-ல் டௌ கார்னிங் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் போனது. நீண்ட ஆய்வுகளுக்குப் பின் 2006-ல்தான் ஜெல் பைகள் மீண்டும் அனுமதி பெற்றன. அப்போதும் ஒரு நிபந்தனை: அழகுக்காகப் பொருத்திக்கொள்பவருக்கு 22 வயதாவது நிறைந்திருக்க வேண்டும்.

உள்ளே வைப்பது என்ன?

இம்பிளான்ட் இரண்டு வகை. இரண்டிலும் வெளியுறை சிலிகான்தான். உள்ளே ஒன்றில் சிலிகான் ஜெல், மற்றொன்றில் உப்பு நீர். ஜெல் வகை தொடுவதற்கு இயல்பாக இருக்கும். உப்பு நீர்ப் பை கிழிந்தால் ஓரிரு நாளிலேயே மார்பு சுருங்கி விஷயம் தெரிந்துவிடும். ஜெல் பை கிழிந்தால் வெளியே எதுவும் தெரியாமலே இருக்கக்கூடும். டாக்டர்கள் இதை ‘ஓசையில்லாத கிழிசல்’ என்கிறார்கள். வலியில்லை, வடிவமும் மாறுவதில்லை. ஸ்கேனில்தான் பிடிபடும். எனவேதான் ஜெல் பை வைத்துக்கொண்டவர்கள் ஐந்தாறு ஆண்டு கழித்து ஒரு முறையும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறையும் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது எஃப்.டி.ஏ.வின் பரிந்துரை. தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும்.

பையை எங்கே வைப்பது, எந்த வழியாக வைப்பது என்பதும் முக்கியம். மார்பின் அடி மடிப்பில், முலைக்காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் ஓரத்தில், அல்லது அக்குளில் கீறல் போடலாம். அடி மடிப்புத் தழும்பு மார்பின் நிழலிலேயே மறைந்துகொள்ளும். கருவளையத்து ஓரக் கீறலில் பால் குழாய்களும் நரம்புகளும் பாதிக்கப்படும் வாய்ப்பு கூடுதல். ஒல்லியான பெண்களுக்குப் பையின் விளிம்பு தெரியாமலிருக்க மார்புத் தசைக்கு அடியில் வைப்பதுண்டு. வலி சற்று அதிகம். தசைக்கு மேலே வைத்தால் வலி குறைவு, விளிம்பு தெரியும் வாய்ப்பு அதிகம்.

பை வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி, வயிற்றிலோ தொடையிலோ உள்ள சொந்தக் கொழுப்பை உறிஞ்சி எடுத்து மார்பில் செலுத்துவது. அந்நியப் பொருள் இல்லை என்பது சாதகம். செலுத்திய கொழுப்பில் ஒரு பகுதியை உடல் கரைத்துவிடும் என்பது பாதகம். பெரிய மாற்றத்தை இதில் எதிர்பார்க்க முடியாது.

முதல் ஆறு வாரங்கள்

சிகிச்சை பெரும்பாலும் முழு மயக்கத்தில் நடக்கிறது. அன்று மாலையோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சிக்கல் வீட்டில்தான் தொடங்குகிறது.

முதல் மூன்று முதல் ஐந்து நாட்கள் வலி கடுமையாக இருக்கும். நெஞ்சின் மீது கல்லை வைத்ததுபோன்ற இறுக்கம். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. தலை வாரிக்கொள்ள, புடவை கட்டிக்கொள்ள, பரணிலிருந்து பாத்திரம் எடுக்க இன்னொருவர் துணை வேண்டும். ஆறு வாரம் வரை குடமோ கேஸ் சிலிண்டரோ தூக்கக் கூடாது. கைக்குழந்தை உள்ளவர்களுக்கு இதுதான் பெரிய சோதனை. குழந்தை கை நீட்டி அழுதாலும் வாரி எடுக்க முடியாது. மல்லாந்துதான் படுக்க வேண்டும். டாக்டர் சொல்லும் இறுக்கமான உள்ளாடையை ஆறு வாரம் வரை இரவும் பகலும் அணிய வேண்டியிருக்கும்.

உட்கார்ந்து செய்யும் வேலையானால் ஒரு வாரம், பத்து நாளில் திரும்பலாம். ஆனால் பல பெண்கள் இதை வீட்டுக்குத் தெரியாமல், ஆபீஸ் வேலையாக வெளியூர் போவதாகச் சொல்லிவிட்டுச் செய்துகொள்ள நினைக்கிறார்கள். ஆபத்து அங்கேதான். ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கீறல் சிவந்து கசிந்தாலோ நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒருவர் வேண்டும். ரத்தக் கசிவும் கிருமித் தொற்றும் அபூர்வம்தான். வந்தால் காத்திருக்காது. அக்காவோ, தோழியோ, கணவரோ, நம்பகமான ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருப்பது மருந்தைப் போலவே அவசியம்.

கண்ணாடியில் முதலில் தெரியும் உருவமும் ஏமாற்றம் தரலாம். மார்பு மேலேறி, இறுகி, வீங்கி நிற்கும். அது தளர்ந்து இயல்பான இடத்தில் அமைய மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். இரண்டு பக்கமும் அச்சு வார்த்ததுபோல் ஒன்றாக இருக்கும் என்ற உத்தரவாதத்தை எந்த சர்ஜனும் தர முடியாது.

பிறகு வருபவை

உடலுக்குள் எந்த அந்நியப் பொருள் நுழைந்தாலும் அதைச் சுற்றி உடல் ஒரு சவ்வைக் கட்டும். இம்பிளான்ட்டைச் சுற்றியும் கட்டும். சிலருக்கு அந்தச் சவ்வு தடித்துச் சுருங்கி, பையை நெரிக்கும். மார்பு கல்லாக இறுகி, வடிவம் கோணி, வலிக்கத் தொடங்கும். மறு அறுவைக்கு இது ஒரு முக்கியக் காரணம். முலைக்காம்பில் உணர்ச்சி குறைவது இன்னொரு தொல்லை. பலருக்குச் சில மாதங்களில் திரும்பிவிடும். சிலருக்குத் திரும்புவதே இல்லை.

அபூர்வமான ஆபத்து ஒன்று அண்மைக்காலத்தில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. இம்பிளான்ட்டைச் சுற்றியுள்ள சவ்வில் தோன்றும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய். பெரும்பாலும் சொரசொரப்பான உறை கொண்ட பைகளோடு தொடர்புடையது. 2011-ல் எஃப்.டி.ஏ. முதல் எச்சரிக்கை கொடுத்தது. 2019-ல் அலர்கன் நிறுவனம் தன் ‘பயோசெல்’ ரகப் பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. பொருத்திப் பல ஆண்டுகள் கழித்து ஒரு மார்பு மட்டும் காரணமின்றி வீங்குவதே வழக்கமான அறிகுறி. நோய் பரவுமுன் கண்டுபிடித்தால் பையையும் சவ்வையும் அகற்றுவதிலேயே பெரும்பாலோர் குணமடைகிறார்கள்.

தீராத அசதி, மூட்டு வலி, மறதி என்று முறையிடும் பெண்களும் உண்டு. இவற்றுக்கு இம்பிளான்ட்தான் காரணமா என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனால் முறையீட்டை ஒதுக்கிவிடவும் முடியவில்லை. 2021-ல் எஃப்.டி.ஏ. இம்பிளான்ட்டுகளுக்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. அறுவைக்கு முன் டாக்டர் ஒவ்வொரு ஆபத்தையும் படித்து விளக்க, பெண் அதில் கையெழுத்திட வேண்டும் என்றும் விதித்தது. இந்தியாவில் உள்ள பெண்ணும் அப்படியொரு பட்டியலை டாக்டரிடம் கேட்டு வாங்கிப் படிப்பதில் தடையேதும் இல்லை.

இளம் பெண்கள் அறிய வேண்டியவை இரண்டு. இம்பிளான்ட் உள்ள பலரால் தாய்ப்பால் கொடுக்க முடிகிறது. ஆனால் எல்லோருக்கும் உறுதி சொல்ல முடியாது. தவிர, கர்ப்பமும் பாலூட்டலும் மார்பின் வடிவத்தை மீண்டும் மாற்றிவிடும். எனவே குழந்தை பெறும் திட்டம் அருகில் இருந்தால் காத்திருப்பதே மேல். அடுத்தது மம்மோகிராம். பை சில பகுதிகளை மறைத்துவிடும். படமெடுப்பவரிடம் முன்கூட்டியே சொன்னால் கூடுதல் கோணங்களில் எடுப்பார்கள். குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள் அறுவைக்கு முன்பே இதைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

பணமும் சட்டமும்

புற்றுநோய்க்காக மார்பை இழந்தவருக்கு அதை மறுபடி அமைத்துத் தருவது வேறு, அழகுக்காகப் பெரிதாக்குவது வேறு. இன்ஷூரன்ஸும் அப்படித்தான் பார்க்கிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்பு தவிர, அழகு அறுவைகளுக்கு மருத்துவ பாலிசிகளில் பொதுவாக இடமில்லை. சுகாதார சேவைகளுக்கான ஜி.எஸ்.டி. விலக்கும் அழகு அறுவைக்குக் கிடையாது. பத்தாண்டு கழித்து வரக்கூடிய இரண்டாவது அறுவையும் சொந்தப் பணத்தில்தான். தவணையில் கட்டி முதல் அறுவையைச் செய்துகொள்பவர் இந்த இரண்டாவது தொகையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அழகு என்பது வசதி படைத்தவர்களுக்கு மட்டும்தானா என்ற கேள்வியோடு 2018-ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அறுவைகளை இலவசமாகச் செய்யும் பிரிவு தொடங்கியபோது, ஆதரவும் எதிர்ப்பும் எழுந்தன.

கத்தி எதற்கு, களிம்பு போதுமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். பெண்ணின் மார்பக வடிவத்தை மாற்றுவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டின் மருந்து, மாய சிகிச்சை விளம்பரச் சட்டமே தடை செய்கிறது. களிம்பும் மாத்திரையும் மார்பைப் பெரிதாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

சர்ஜனைத் தேர்ந்தெடுப்பதில் பெயர்ப்பலகையை விடப் பட்டம் முக்கியம். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான தேசிய வாரியப் பட்டம் இருக்கிறதா, மயக்க மருந்து நிபுணர் யார், அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பதில் கூச்சம் தேவையில்லை. கணவருக்காகவோ, சினிமா நடிகையின் படத்தைக் காட்டியோ வருபவர்களைப் பொறுப்பான சர்ஜன் யோசித்துவிட்டு வரும்படி திருப்பி அனுப்புவார். அப்படி அனுப்புகிறவர் நம்பத் தகுந்தவர்.

கடைசியாக, ஒரு சின்ன அட்டை. எந்த நிறுவனத்தின் பை, எந்த அளவு, வரிசை எண் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனம் மருத்துவத் தரமில்லாத, தொழிற்சாலை உபயோகத்துக்கான சிலிகானைப் பைகளில் நிரப்பி விற்றது 2010-ல் அம்பலமானது. உலகெங்கும் சுமார் 3 லட்சம் பெண்களின் உடலில் அந்தப் பைகள் இருந்தன. நிறுவனர் 2013-ல் சிறைத் தண்டனை பெற்றார். அந்த நேரத்தில் தன் மார்புக்குள் இருப்பது எந்தப் பை என்று ஒரு பெண்ணுக்குச் சொல்லக்கூடியது அந்த அட்டை ஒன்றுதான்.

அறுவை முடிந்து வீடு திரும்பும்போது அதை மறக்காமல் வாங்கி, நகையும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் பீரோவிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். சர்ஜன் ஊர் மாறலாம், கிளினிக் மூடப்படலாம். பை உடலுக்குள் இருக்கும் வரை அந்த அட்டையும் பத்திரமாக இருக்க வேண்டும்.