நான்கு சில்லும் இழுக்காதபோது

மாரி காலத்தில் நோயாளியையோ விதைநெல்லையோ ஏற்றிக்கொண்டு சேற்றுப் பாதையில் இறங்கும் வாகனத்துக்கு நான்கு சில்லு இயக்கம் ஆடம்பரமன்று. 1990களின் பிற்பகுதியில் வந்த மிற்சுபிசி எல்200 டீசல் பிக்அப்பில் அது இயங்க மறுப்பதுண்டு. நெம்பை 4எச் நிலைக்கு மாற்றிச் சிறிது தூரம் ஓட்டியும் முன்சில்லு விளக்குகள் சிமிட்டிக்கொண்டே இருந்தால் கியர்ப்பெட்டியைக் கழற்ற அவசரப்பட வேண்டாம்.

இவ்வாகனத்தின் முன் அச்சைப் பிணைப்பது காற்றை உறிஞ்சும் விசையே. டைனமோவின் பின்னுள்ள பம்பி உறிஞ்ச, அவ்விசை றப்பர் குழாய்கள், இரு மின்வால்வுகள் வழியாக அச்சிலுள்ள இயக்கியை அடைகின்றது. ஆகவே பம்பியிலிருந்து வரிசையாகப் பார்த்து வருவோம்.

முதலில், எஞ்சின் ஓடும்போது வால்வுக்கு வரும் குழாயைக் கழற்றி விரலை வையுங்கள். இழுக்கவில்லையெனில் குழாய் வெடித்திருக்கலாம், அல்லது பம்பி தேய்ந்திருக்கலாம். இரண்டாவது, நெம்பை மாற்றுகையில் வால்வில் ‘டிக்’ ஒலி கேட்க வேண்டும். கேட்காவிடின் பியூசையும் வயர் இணைப்பையும் பாருங்கள். மூன்றாவது, எஞ்சினை நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, இயக்கியின் குழாயில் கைப்பம்பியால் உறிஞ்சுங்கள். தண்டு அசைந்து, அந்நிலையிலேயே நிற்க வேண்டும். நில்லாது தளர்ந்தால் உள்ளேயுள்ள றப்பர்ச் சவ்வு கிழிந்துள்ளது. உறிஞ்சுவிசை நின்றும் தண்டு அசையாவிடின் சேறும் துருவும் இறுக்கியிருக்கும். தண்டு சரியாக நகர்ந்தும் விளக்குச் சிமிட்டினால் அச்சிலுள்ள சுவிச்சைச் சோதியுங்கள்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. பிரேக்குக்கு வலுவூட்டுவதும் இதே பம்பிதான். நான்கு சில்லு இயக்கத்தோடு பிரேக் மிதியும் கடினமானால், அதைச் சீர்செய்யாமல் வீதியில் இறங்க வேண்டாம். மாரிக்கு முன்னரே பழைய குழாய்களை மாற்றிவிடுவது செலவு குறைந்த காப்பு.