சிலேட்டும் கணிப்பொறியும்

மாணவ நண்பர்களே, உயர்ந்த விலையுள்ள டேப்லட் ஒன்று கையில் இருக்கும்போது, கணிப்பொறி வேறு எதற்கு என்று உங்களுள் பலர் எண்ணுவதுண்டு. வேகம் ஒன்றே அளவுகோலாயின் அவ்வெண்ணம் தவறன்று. ஆப்பிள் நிறுவனம் 2020இல் மடிக்கணிப்பொறியில் பொருத்திய எம்1 சில்லையே, 2021இல் ஐபேட் புரோவிலும் பொருத்தியது. 2024இல் எம்4 சில்லு முதலில் ஐபேடுக்கே வாய்த்தது. மேக் கணிப்பொறிகள் சில திங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஓவியம் தீட்டுவோர்க்கும், பாடநூலின் ஓரத்தில் கையால் குறிப்பெழுதிப் படிப்போர்க்கும் இச்சிலேட்டை விஞ்சிய கருவி இல்லை எனலாம். பின் குறைதான் யாது?

1972இல் ஆலன் கே என்னும் அமெரிக்க அறிஞர், புத்தகம்போல் எடுத்துச் செல்லத்தக்க 'டைனபுக்' என்ற கணிப்பொறியைக் கற்பனை செய்து ஒரு கட்டுரை வரைந்தார். குழந்தைகள் அதில் படிப்பதோடு நில்லாமல், தாமே நிரல் எழுதி அதனை ஆட்டிவைக்க வேண்டும் என்பதே அக்கனவின் உயிர்நாடி. 2010இல் ஐபேட் வந்தது. வடிவம் ஏறக்குறைய அதுவே, உயிர்தான் வேறு. சிறுவர்கள் 'ஸ்கிராட்ச்' மொழியில் ஆக்கியவற்றைக் காட்டும் செயலி ஒன்றை ஆப்பிள் அவ்வாண்டிலேயே தன் கடையினின்று அகற்றிவிட்டது!

பிற்காலத்தில் கட்டு சற்றுத் தளர்ந்தது உண்மை. 2021 முதல் 'ஸ்விஃப்ட் பிளேகிரவுண்ட்ஸ்' வாயிலாக ஐபேடிலேயே செயலி எழுதிக் கடைக்கு அனுப்பலாம். ஆயினும் ஐபேட் செயலிகளை உருவாக்குவோரின் முழுமையான பட்டறையாகிய 'எக்ஸ்கோட்' மேக்கில்தான் இயங்குகிறது. சிலேட்டுக்கு வேண்டிய சரக்கைக் கணிப்பொறியே செய்து தருகிறது என்றால், எது எதற்கு மாற்று?

இது வடிவத்தின் குற்றமன்று. 2013இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட சர்ஃபேஸ் புரோவும் சிலேட்டுப் போன்றதே. அதில் முழு விண்டோஸ் இயங்கியமையால், மேசைக் கணிப்பொறியில் நிறுவும் மென்பொருள்களை அதிலும் நிறுவ முடிந்தது. ஆகவே வேறுபாடு கண்ணாடியிலோ சில்லிலோ இல்லை. உரிமையாளனை எவ்வளவு தூரம் உள்ளே விடுகிறது என்பதில் இருக்கிறது. பொறியியலும் நிரலாக்கமும் பயிலப் புகுவோர் இதனை எண்ணிய பின்னரே பணப்பையைத் திறத்தல் நன்று.

பணம் என்றதும் ஒரு கணக்கு. 2024இல் 13 அங்குல ஐபேட் புரோவின் தொடக்க விலை அமெரிக்காவில் 1,299 டாலர். அதற்குரிய விசைப்பலகை தனியே 349 டாலர். அவ்வாண்டில் வந்த 13 அங்குல மேக்புக் ஏர், விசைப்பலகையும் சேர்த்து, 1,099 டாலருக்குக் கிடைத்தது.