பதினேழு வயதும் பிரிவு 103-ம்

திசையன்விளை வட்டாரத்தில் ஒரு வாய்த்தகராறு உயிர்ப்பலியில் முடிந்து, பிடிபட்டவனுக்குப் பதினேழு வயது என்றால், 'மூணு வருஷத்துல வந்துருவான்' என்பார்கள். அது பாதி உண்மைதான். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டு அல்லது அதற்கு மேல் உள்ளவைதான் கொடுங்குற்றங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவான கொலை அதில் அடங்கும். அந்தப் பிரிவு பதிவானால், சம்பவ நாளில் பதினாறு நிரம்பியிருந்தவனை இளைஞர் நீதிக் குழுமம் மதிப்பீடு செய்து சிறார் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அங்கே பெரியவரைப் போல விசாரிக்கப்பட்டால், மரண தண்டனையும் விடுதலைக்கு வழியில்லாத ஆயுள் தண்டனையும்தான் தடை, நீண்ட சிறை தடையில்லை. கொலையாகாத மரணம் விளைவித்தலைச் சொல்லும் 105ஆம் பிரிவுக்கு (பழைய 304) அந்த ஏழாண்டுக் குறைந்தபட்சம் கிடையாது. அத்தகைய குற்றம் கொடுங்குற்றம் ஆகாது என்று ஷில்பா மிட்டல் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதில் சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் மூன்றாண்டு. ஆகவே கொலையை 105ஆம் பிரிவுக்கு இறக்கும் 'கடுமையான, திடீர்ச் சினமூட்டல்' என்ற வாதம் பெரியவருக்குத் தண்டனையைக் குறைக்கிறது. பதினேழு வயதுக்காரனுக்கு நீதிமன்றத்தையே மாற்றிவிடுகிறது.

அப்படியானால் ஆத்திரம் வந்தவன் எல்லாம் தப்பிக்கலாமா என்ற கேள்வி நியாயமானது, குறிப்பாக நம் மாவட்டத்தில். பள்ளக்கால் பொதுக்குடி அரசுப் பள்ளியில் 2022 ஏப்ரலில் கையில் கட்டிய சாதிக் கயிற்றை ஒட்டி எழுந்த மோதல் ஒரு பிளஸ் டூ மாணவனின் உயிரைக் குடித்தது. சாதிப் பெருமை புண்பட்டதைச் சினமூட்டல் என்று ஏற்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. சாதாரண நிதானமுள்ள மனிதன் அந்த நிலையில் தன்னை இழப்பானா என்பதுதான் நானாவதி வழக்கில் (1961) உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல். கோபம் தணிய அவகாசம் இருந்தும் திட்டமிட்டுத் தாக்கியவருக்கு அந்தத் தீர்ப்பு இடம் தரவில்லை. வீட்டுக்குப் போய் அரிவாளோடு திரும்பி வருபவனுக்கும் அதே கதிதான். ஆனால் குடித்துவிட்டுத் தாயை நாள்தோறும் அடிக்கும் தகப்பனை ஒரு நாள் மகன் தள்ளிவிட, அவர் இறந்தால்? நீண்ட காலக் கொடுமை திரண்டு நிற்பதையும் கணக்கில் எடுக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. 2022இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது.

இந்தச் சினமூட்டல் வாதத்தைக் கடைசி வரை பொத்தி வைப்பதுதான் குடும்பங்கள் செய்யும் தவறு. குழுமத்தின் மதிப்பீடு குற்றம் நடந்த சூழ்நிலையையும் பார்க்க வேண்டும் என்று 15ஆம் பிரிவே சொல்கிறது. பழைய புகார் மனு, மருத்துவமனைச் சீட்டு, அக்கம்பக்கத்தார் சாட்சியம் எல்லாம் அப்போதே குழுமத்துக்குப் போக வேண்டும். வயதை நிரூபிக்கப் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் போதும். சிறுவனைக் காவல் நிலைய லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லையென்றால் 15100 என்ற சட்டப்பணிகள் ஆணைக்குழு உதவி எண்ணை அழைக்கலாம். உயிரிழந்தவரின் குடும்பமும் இழப்பீடு கேட்டு அதே சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.