605 இரண்டு அரசுகளின் எண்

605001 புதுச்சேரி. 605602 விழுப்புரம். முதல் மூன்று இலக்கமும் ஒன்றுதான். ஆனால் முன்னது ஒன்றியப் பிரதேசம், பின்னது தமிழ்நாடு. முகவரிப் படிவங்களுக்கு நிரல் எழுதுகிறவர்கள் இடறுகிற இடம் இது.

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல் நடைமுறைக்கு வந்தது. வகுத்தவர் மத்திய தகவல் தொடர்பு அமைச்சக அதிகாரி ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர், சமஸ்கிருதக் கவிஞரும்கூட. ஒரே பெயரில் பல ஊர்கள், உறையின் மேல் பல மொழிக் கையெழுத்துகள் என்று தபால் பிரிப்பவர்கள் பட்ட பாட்டுக்கு அவர் கண்ட வழி இந்த ஆறு இலக்கம். முதல் இலக்கம் மண்டலம். 6 என்றால் பெரும்பாலும் தமிழ்நாடு, கேரளம். 9 ராணுவத் தபால். முதல் மூன்றும் சேர்ந்தால் கடிதம் பிரிக்கும் மாவட்டம்: சென்னைக்கு 600, மதுரைக்கு 625. கடைசி மூன்று, பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைக் காட்டும்.

வடிவத்தைச் சரிபார்ப்பது எளிது. ஆறு இலக்கம் வேண்டும், பூஜ்ஜியத்தில் தொடங்கக் கூடாது; ஒரு வரி நிரல் போதும். 666666 என்று அடித்தாலும் அதில் தேறிவிடும் என்பதுதான் சங்கடம்.

எண்ணை வைத்து மாநிலத்தைச் சொல்வதில்தான் வம்பு. புதுச்சேரியையே பாருங்கள். காரைக்கால் 609602, பக்கத்து மயிலாடுதுறைக்கும் அதே 609. மாஹே 673310, கோழிக்கோட்டோடு சேர்ந்தது. ஏனாம் 533464, காக்கிநாடாவோடு சேர்ந்தது. ஒரே அரசு, நான்கு திசை எண்கள். லட்சத்தீவின் கவரத்தி கொச்சியின் 682இல் இருக்கிறது. அந்தமான் மேற்கு வங்கத்தின் 74இல். தபால் எந்த வழியாகப் போகும் என்றுதான் வேலங்கரின் கணக்கு ஓடுகிறது, யார் ஆள்கிறார்கள் என்று அல்ல. 2019இல் தென்காசி தனி மாவட்டமானது; அதன் எண் இன்றும் திருநெல்வேலியின் 627இல்தான் தொடங்குகிறது.

தபால்காரருக்கு இதனால் குழப்பமே இல்லை. கடைக்காரருக்கு உண்டு. சென்னையிலிருந்து விழுப்புரத்துக்குப் பொருள் அனுப்பினால் சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும், புதுச்சேரிக்கு என்றால் ஐ.ஜி.எஸ்.டி. முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்து மாநிலத்தை நிரப்பும் மென்பொருள், பில்லையே தப்பாகப் போட்டுவிடும். ஆறு இலக்கத்தையும் அஞ்சல் துறையின் பட்டியலோடு ஒப்பிட வேண்டும்; கிடைத்த மாநிலத்தைப் படிவத்தில் காட்டலாம், ஆனால் பூட்டி வைக்கக் கூடாது. தாம் எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்பது ஏனாம்காரருக்குத் தெரியும்.