சுமை வண்டியும் டீசல் சிக்கனமும்

திருவனந்தபுரம் சாலைச் சந்தைக்கு வந்து சேரும் காய்கறி, வாழைக்குலை, பூ ஆகியவற்றில் பெரும் பகுதி தமிழ்நாட்டிலிருந்தே வருகிறது. நாகர்கோவில் வடசேரியிலிருந்தும், தோவாளை பூச்சந்தையிலிருந்தும், செங்கோட்டை வழியாக ஆரியங்காவு கணவாயைக் கடந்தும் இச்சரக்குகள் இரவோடு இரவாக வந்து இறங்குகின்றன. இவற்றைச் சுமப்பவை பெரிய லாரிகள் மட்டுமல்ல. ஒன்று முதல் ஒன்றரை டன் வரை ஏற்றக்கூடிய டீசல் பிக்-அப் வண்டிகளும், மக்கள் வழக்கில் ‘குட்டி யானை’ எனப் பெயர் பெற்றுவிட்ட அதனினும் சிறிய வண்டிகளும் இப்பணியில் பெரும் பங்கு கொண்டுள்ளன. இவ்வண்டிகளுள் பலவற்றில் உரிமையாளரே ஓட்டுநர். வாங்கிய கடனுக்கு மாதத் தவணை கட்டுபவரும் அவரே. தவணை, காப்பீடு, வரி ஆகியவற்றை அவரால் குறைக்க இயலாது. அவர் கைக்கு எட்டிய ஒரே பெருஞ்செலவு டீசல்தான்.

நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். போய்வர 140 கிலோமீட்டர். ஒரு வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடுமானால் நாளொன்றுக்கு 11.7 லிட்டர் தேவை. அதே வண்டியை 14 கிலோமீட்டர் ஓடச் செய்தால் 10 லிட்டர் போதும். மாதத்துக்கு 25 நாள் ஓடினால் ஆண்டுக்கு 500 லிட்டர் மிச்சமாகும். லிட்டர் விலை 95 ரூபாய் எனக் கொண்டால் இது 47,500 ரூபாய். எரியும் ஒவ்வொரு லிட்டர் டீசலும் ஏறத்தாழ 2.7 கிலோகிராம் கரியமில வாயுவை வெளியிடுவதால், அவ்வகையிலும் ஒன்றேகால் டன்னுக்கு மேற்பட்ட குறைவு ஏற்படுகிறது. கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில், பெட்ரோலியப் பொருள்களின் நுகர்வில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு டீசலாகவே இருக்கும் நிலையில், இக்கணக்கு ஒரு குடும்பத்தின் கணக்கோடு நின்றுவிடுவதில்லை.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைக் குறிப்பிட வேண்டும. ‘லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்’ என்று கேட்பது நம் வழக்கம். ‘நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்’ என்று கேட்பதே உண்மையைத் தெளிவாகக் காட்டும். 10 கிலோமீட்டர் ஓடும் வண்டியை 12-க்கு உயர்த்தினால் நூறு கிலோமீட்டருக்கு 1.67 லிட்டர் மிஞ்சும். 14 ஓடும் வண்டியை 16-க்கு உயர்த்தினால் மிஞ்சுவது 0.89 லிட்டர் மட்டுமே. உயர்வு இரண்டிலும் இரண்டு கிலோமீட்டர்தான். ஆதாயமோ ஏறத்தாழ பாதி. ஆகவே நல்ல நிலையில் உள்ள வண்டியை மேலும் மெருகேற்றுவதைவிட, மோசமான நிலையில் உள்ள பழைய வண்டியைச் சீர்செய்வதில்தான் நாட்டுக்கு மிகுந்த பயன் உண்டு.

திருவனந்தபுரத்துக்கு டீசலுடன் உள்ள உறவு பழமையானது. திருவாங்கூர் அரசு 1938 பிப்ரவரி 20 அன்று அரசுப் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கியபோது, இங்கிலாந்திலிருந்து தருவித்த காமர் அடிச்சட்டங்களில் பெர்க்கின்ஸ் டீசல் இயந்திரங்களே பொருத்தப்பட்டிருந்தன. இலண்டன் போக்குவரத்தில் பணியாற்றிய சால்ட்டர் என்பார் அத்துறைக்குப் பொறுப்பேற்றிருந்தார். கன்னியாகுமரிச் சாலைக்குத் திவான் சர் சி.பி. இராமசாமி ஐயர் காலத்தில் சிமெண்ட் கான்கிரீட் தளம் அமைக்கப்பட்டது. இறுகிய சமதளத்தில் சக்கரம் உருள்வதற்கு ஆற்றல் குறைவாகவே தேவைப்படும் என்பதை அன்றே உணர்ந்திருந்தனரோ, நீடித்து உழைக்கும் என்பதற்காக மட்டுமே அமைத்தனரோ, பயன் என்னவோ இரண்டும்தான். நம் காலத்தில் கழக்கூட்டம்–காரோடு புறவழிச் சாலையின் முக்கோலை–காரோடு பகுதி மீண்டும் கான்கிரீட்டினால் அமைக்கப்பட்டிருப்பது சுவையான ஒற்றுமை.

அந்தத் துறையின் வழிவந்ததே 1965-இல் அமைந்த கேரள அரசு சாலைப் போக்குவரத்துக் கழகம். டீசல் விலை ஒரு நிறுவனத்தை எவ்வாறு அசைக்கும் என்பதற்கு அது தக்க சான்று. 2013 சனவரியில் மொத்தக் கொள்முதலாளர்களுக்கு மானியமின்றிச் சந்தை விலையிலேயே டீசல் வழங்குவது என முடிவாயிற்று. சில்லறை விலையைவிட லிட்டருக்குப் பத்து ரூபாய் அளவில் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்ததால், பேருந்துகள் தம் பணிமனைகளை விட்டுச் சில்லறை நிலையங்களில் போய் நிரப்ப வேண்டிய நிலை ஏற்பட்டது. 2022-இலும் உலகச் சந்தை விலை ஏறியபோது இதே நிலை திரும்பியது. சிறிய வண்டிக்காரருக்கு மொத்த விலை, சில்லறை விலை என்ற வேறுபாடு இல்லை. ஆனால் 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியதும், 2017 சூனிலிருந்து விலை நாள்தோறும் நிர்ணயிக்கப்படும் முறை வந்ததும் அவரையும் உலகச் சந்தையோடு நேரடியாகப் பிணைத்துவிட்டன. கேரள அரசு 2023 ஏப்ரல் 1 முதல் லிட்டருக்கு இரண்டு ரூபாய் சமூகப் பாதுகாப்புத் தீர்வை விதித்த பின்னர், எல்லையைக் கடக்கும் வண்டிகள் களியக்காவிளைப் பக்கத்தில் நிரப்பிக்கொண்டு வருவதில் வியப்பில்லை. எனினும் அது விலையில் கிடைக்கும் மிச்சமே தவிர, எரிபொருளில் கிடைக்கும் மிச்சமன்று.

டீசல் எங்கே செலவாகிறது? இயந்திரத்தில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் பாதிக்கு மேல் வெப்பமாக வீணாகிறது. இதை ஓட்டுநர் மாற்ற முடியாது. எஞ்சியது சக்கரத்தின் உருள்தடை, காற்றின் தடை, மேட்டில் ஏறுதல், பிரேக் பிடித்து இழத்தல் ஆகியவற்றுக்குப் போகிறது. காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கமாக உயர்வது. 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80-க்குச் சென்றால், அதே தொலைவுக்குக் காற்றை எதிர்த்துச் செலவிடும் ஆற்றல் ஒன்றேமுக்கால் மடங்குக்கு மேலாகிறது. பிக்-அப் வண்டியோ முன்புறம் தட்டையானது. பின்னால் உயரச் சட்டம் கட்டி, தார்ப்பாய் தளர்ந்து படபடத்துக்கொண்டிருந்தால் சொல்லவே வேண்டாம். வெறும் வண்டியாகத் திரும்பும்போது தார்ப்பாயை மடித்து வைத்து, கழற்றக்கூடிய சட்டத்தைக் கழற்றிவிடுவது செலவில்லாத சிக்கனம்.

பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் நெடுங்காலமாக வலியுறுத்திவரும் 45 முதல் 55 கிலோமீட்டர் வரையிலான வேகம் இதன் அடிப்படையிலேயே அமைந்தது. விடியுமுன் சந்தையில் இருக்க வேண்டிய காய்கறி வண்டிக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம்; கேள்வி நியாயமானதே. 70 கிலோமீட்டரை 60 வேகத்தில் கடக்க 70 நிமிடம், 50 வேகத்தில் 84 நிமிடம். நடைமுறையில் அந்த 14 நிமிடமும் முழுதாகக் கிடைப்பதில்லை; மார்த்தாண்டத்திலோ பாலராமபுரம் சந்திப்பிலோ தேங்கி நிற்கும்போது அது கரைந்துவிடும். விரைந்து போய் நெரிசலில் நிற்பவர் இருமுறை இழக்கிறார். பதினைந்து நிமிடம் முன்னதாகப் புறப்படுவதே மலிவான வழி.

நெய்யாற்றின்கரைக்கு அப்பால் சாலை ஏறியும் இறங்கியும் செல்வது. இறக்கத்தில் கியரை விடுவித்து வண்டியை உருளவிட்டால் டீசல் மிஞ்சும் என்ற நம்பிக்கை ஓட்டுநர்களிடையே வேரூன்றியுள்ளது. இது தவறு, ஆபத்தும்கூட. கியரில் இருக்கும்போது கால் விசைமிதியை விட்டு நீங்கினால், இன்றைய மின்னணுக் கட்டுப்பாட்டு இயந்திரங்கள் எரிபொருள் பீய்ச்சுவதையே நிறுத்திவிடுகின்றன. வண்டியின் ஓட்டமே இயந்திரத்தைச் சுழற்றுகிறது. கியரை விடுவித்தாலோ, இயந்திரம் நின்றுவிடாதிருக்கச் சிறிதளவு டீசலை எரித்துக்கொண்டேயிருக்கும். வேகத்தைத் தடுக்கும் பாரம் முழுவதும் பிரேக்கின் மீது விழும். ஆரியங்காவு இறக்கத்தில் சுமையோடு வரும் வண்டி இதனால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கக்கூடும்.

பராமரிப்பைப் பொறுத்தவரை டயர்க் காற்றுக்கே முதலிடம் தருவேன். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிவதில் ஆற்றலை விழுங்குகிறது. தானும் விரைவில் தேய்கிறது. சுமையோடு ஓடும் பின்சக்கரத்துக்குரிய அழுத்தம் முன்சக்கரத்துக்குரியதன்று. கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்த்து, டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். அடைபட்ட காற்று வடிகட்டி, தேய்ந்த நாசில் ஆகியவை பழைய வண்டிகளில் கரும்புகையாகத் தம்மைக் காட்டிக்கொடுத்தன. கரும்புகை என்பது எரியாமல் வெளியேறும் டீசல்தான். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் ஆறு விதி நடைமுறைக்கு வந்த பின் விற்கப்படும் வண்டிகளில் புகைத்துகள் வடிகட்டி உள்ளதால் அந்த அடையாளம் மறைந்துவிட்டது. அவ்வடிகட்டி தன்னில் சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்துத் தூய்மை செய்துகொள்ளக் கூடுதலாக டீசல் செலவிடும். குறுந்தொலைவே ஓடி அடிக்கடி நிறுத்தப்படும் வண்டியில் இது முற்றுப்பெறாது. எச்சரிக்கை விளக்கு எரிந்தும் பொருட்படுத்தாமல் ஓட்டுவது பெருஞ்செலவுக்கு வழி.

எரிபொருட் குழாயில் காந்தம் பொருத்தினால் பெருமளவு மிஞ்சும் என்னும் விளம்பரங்களுக்குக் குறைவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய கருவிகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை ஆராய்ந்து, மிகச் சிலவே சிறிதளவு பயன் தருவதாகக் கண்டது. அந்தப் பணத்தில் ஒரு நல்ல டயர் அழுத்தமானி வாங்கலாம்.

ஆயினும் இவையனைத்தையும்விடப் பெரிய இழப்பு வேறிடத்தில் உள்ளது. ஒன்றரை டன் ஏற்றி வந்த வண்டி வெறுமையாகத் திரும்பினால், அந்தச் சரக்கே இரு வழிப் பயணத்தின் டீசலையும் சுமக்கிறது. திரும்புகையில் பாதிச் சுமை கிடைத்தாலும் டன்-கிலோமீட்டர்க் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருங்கிய சிக்கனம் உண்டு. எந்த வடிகட்டியும் எந்த வேகக் கட்டுப்பாடும் இதற்கு ஈடாகாது. திரும்பு சுமையைத் தேடித்தரும் ஏற்பாடு சந்தைக்குச் சந்தை வேறுபடுகிறது. பெரிய லாரிகளுக்குப் பதிவு முகவர்கள் உள்ளனர், சிறு வண்டிக்காரருக்குக் கைப்பேசியில் உள்ள பழக்கமான வணிகர்களின் எண்களே துணை. மறுபுறம், ஒரே நடையில் முடித்துவிட வேண்டும் என்று அளவுக்கு மீறி ஏற்றுவதும் உண்டு. அதில் மிஞ்சும் டீசல், பட்டை உடைந்தும் டயர் வெடித்தும் பட்டறையில் போய்ச் சேர்கிறது.

பொருளியல் நோக்கில் இன்னொரு சிக்கலும் இங்கு உண்டு. வண்டி ஒருவருடையது, ஓட்டுபவர் வேறொருவர் என்னும்போது, டீசலுக்குப் பணம் கொடுப்பவர் உரிமையாளர். விசைமிதியின் மீது இருப்பதோ ஓட்டுநரின் கால். நடைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர் விரைந்து முடிக்கவே விழைவார். அதில் குற்றம் காண்பதற்கில்லை. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் லிட்டருக்குரிய கிலோமீட்டரை ஓட்டுநர்வாரியாகக் கணக்கிடுவது இதற்கொரு விடை. சிறிய உரிமையாளரும் இதைச் செய்யலாம். தொட்டியை முழுதும் நிரப்பி, ஓட்ட அளவைக் குறித்துக்கொண்டு, மறுமுறை முழுதும் நிரப்பும்போது கொண்ட லிட்டரால் ஓடிய தொலைவை வகுத்தால் போதும். ஒரே நிலையத்தில், ஒரே அளவுக்கு நிரப்ப வேண்டும். ஏற்றிய சுமையையும் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். முதல் இரு மாதக் கணக்கை அடிப்படையாகக் கொண்டு, அதற்கு மேல் மிஞ்சும் டீசலின் மதிப்பில் பாதியை ஓட்டுநருக்குக் கொடுத்துவிடலாம். மேற்சொன்ன 500 லிட்டர்க் கணக்கின்படி அது அவருக்கு மாதம் ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய்.