தாருக்குக் கீழே என்ன இருக்கிறது?

மூதூரிலிருந்து கிண்ணியா வழியாகத் திருகோணமலைக்கு வாகனத்தை விட்டு இறங்காமல் தரைவழியாகப் போய்வர முடிவது அண்மைக்கால மாற்றம்தான். 2009இல் கிண்ணியாப் பாலமும் 2011இல் இறால்குழி உள்ளிட்ட பாலங்களும் திறக்கப்படும் வரை பாதையையும் லோஞ்சையும் நம்பித்தான் பயணம். இன்று பிரதான வீதி காபெட் வீதி. ஆனால், அந்த வீதியிலிருந்து வீட்டு வாசல் வரையான ஒழுங்கை பல இடங்களில் இன்னும் மாரியில் சேறு, கோடையில் புழுதி.

2006இல் சம்பூர் பக்கமிருந்து இடம்பெயர்ந்து, ஏறத்தாழ பத்து வருடங்களின் பின் திரும்பியவர்களுக்குக் கிணறும் கூரையும் வேலியும்தான் முதலில் தேவைப்பட்டன. ஒழுங்கையின் முறை இப்போதுதான் வந்திருக்கிறது. அதற்குச் செலவாகும் பணம் பெரும்பாலும் மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்து சேர்த்தது, அல்லது வெளிநாட்டிலுள்ள சகோதரர்கள் அனுப்பியது. வழி போட்ட சிலரோடு பேசினேன். கேட்ட குறை ஒன்றுதான்: "முதல் மாரியோட பேர்ந்து போச்சு."

தார் கெட்டுவிட்டது என்றே அவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கெடுவது தாருக்குக் கீழே உள்ள அடித்தளம். மேலே போடும் தார்க்கலவை ஒரு போர்வை மாதிரி. பாரத்தைத் தாங்குவது கிறவலும் கல்லும்தான். மகாவலி கடலோடு சேரும் இந்தத் தாழ்நிலத்தில் தண்ணீர் மேலிருந்து மட்டுமல்ல, கீழிருந்தும் வரும். நனைந்து இளகிய மண்ணின் மேல் எவ்வளவு நல்ல தார் போட்டாலும் நிற்காது. ஆகவே கொந்தராத்துக்காரரிடம் கேட்க வேண்டியவற்றை, அடித்தளம் மூடப்படுவதற்கு முன்னரே கேட்டாக வேண்டும்.

முதலில், ஒழுங்கை யாருடையது? பொதுவழியென்றால் பிரதேச சபையைக் கேட்காமல் கைவைக்கக்கூடாது. இடப்பெயர்வில் எல்லைக்கல் தொலைந்த காணிகள் இங்கே ஏராளம். அளக்காமல் போட்ட ஒழுங்கை நாளை அயலவரோடு வழக்காகலாம்.

இரண்டாவது, கணக்கு. 60 அடி நீளம், 10 அடி அகலமான வழிக்கு 6 அங்குலக் கிறவல் அடித்தளமென்றால் 300 கன அடி, அதாவது 3 கியூப். றோலர் ஓடினால் கிறவல் அமுங்கும் என்பதால் ஏறக்குறைய 4 கியூப் பறிக்க வேண்டும். 2 கியூப்போடு வேலையை முடிக்கப் பார்த்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். கிறவலை ஒரே தடவையில் கொட்டிப் பரப்பாமல், அளவாக நனைத்து இரண்டு படையாக இறுக்க வேண்டும்.

மூன்றாவது, தாரா கொங்கிறீட்டா? மேலே சொன்ன அளவுக்கு 2 அங்குலத் தார்க்கலவை ஆறரைத் தொன் அளவில்தான் வரும். அது ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் சூட்டில் ஆலையிலிருந்து வெளிக்கிட்டு, 80 பாகைக்கு இறங்குமுன் இறுக்கப்பட வேண்டும். சிறிய அளவு கலவை தூரத்திலிருந்து வந்தால் வழியிலேயே ஆறிவிடும். ஆறிய கலவை ஒட்டாது. கலவை எங்கிருந்து, எத்தனை மணிக்கு வருகிறது என்று கேளுங்கள். சரியான பதில் இல்லையென்றால் கொங்கிறீட் அல்லது இன்ரலொக் கல்லே பாதுகாப்பு. கொங்கிறீட்டுக்குக் குறைந்தது 7 நாட்கள் தண்ணீர் விட்டு ஈரம் காக்க வேண்டும்.

நான்காவது, தண்ணீர். நடு சற்று உயர்ந்து இருபக்கமும் சரிவாக இருக்க வேண்டும். ஓடும் தண்ணீர் எந்த வடிகானில் விழும் என்பதையும் முன்பே தீர்மானியுங்கள். அயல் வளவுக்குள் விடாதீர்கள். மாரிக்கு முன், புரட்டாதிக்குள் வேலையை முடிப்பது நல்லது.

ஐந்தாவது, எழுத்து. நீளம், அகலம், ஒவ்வொரு படையின் தடிப்பு, மொத்தத் தொகை, முடிக்கும் திகதி எல்லாம் ஒரு தாளில் இருவர் கையெழுத்தோடு இருக்கட்டும். முழுப் பணத்தையும் முற்பணமாகக் கொடுக்காதீர்கள். அடித்தளம் முடிந்ததும் ஒரு பங்கு, மேற்படை முடிந்ததும் ஒரு பங்கு, ஒரு மாரி கழியும் வரை கையில் சிறு தொகை. அரச ஒப்பந்தங்களிலும் இப்படித் தொகை பிடித்துவைக்கும் வழக்கம் உண்டு. ஆகவே இதைக் கேட்பது யாரையும் அவமதிப்பதாகாது. உறவுக்காரரே கொந்தராத்து எடுத்தாலும் தாள் வேண்டும். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புபவர்கள், மூடப்படுமுன் அளவுநாடா வைத்த படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பிரதேச சபை போடும் வீதியென்றாலும் நாம் வெறும் பார்வையாளர்கள் அல்ல. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மதிப்பீட்டையும் ஒப்பந்தப் பிரதியையும் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

போட்ட பின்னும் பராமரிப்பு உண்டு. வெடிப்புகளை மாரிக்கு முன் தாரூற்றி அடையுங்கள். வடிகானைத் துப்பரவாக வைத்திருங்கள். டீசல் ஒழுகும் உழவு இயந்திரத்தைத் தார் மேல் நிறுத்தாதீர்கள். டீசல் தாரைக் கரைக்கும்.

நீண்ட காலம் தருவதை வாங்கிக்கொண்டு கேள்வி கேட்காமல் இருக்கப் பழக்கப்பட்ட மக்கள் நாம். நிவாரண வரிசை அப்படித்தான் பழக்கியது. ஆனால், இது நிவாரணமல்ல, நமது உழைப்பு. நாலு கியூப் எங்கே என்று கேட்பதற்கு நமக்கு முழு உரிமை உண்டு.