வெந்தயப் பக்கெற்றில் உள்ள சிறிய இலக்கம்

வெந்தயம் இல்லாத தமிழ் வீடு இராது. குழம்புக்குத் தாளிக்கவும், தோசைக்கு உழுந்துடன் ஊறப்போடவும், நீரிழிவுக்காரர் காலையில் வெறும் வயிற்றில் விழுங்கவும் அது வேண்டும். கடையால் வந்ததும் நாம் செய்வது பக்கெற்றை வெட்டிப் போத்தலில் கொட்டிவிட்டு உறையைக் குப்பையில் போடுவதுதான். அந்த உறையின் ஓரத்தில் ஒரு தொகுதி இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும். அது எதற்கு என்பதை விளக்க, 2011ஆம் ஆண்டு எமது ஹம்பேர்க் நகரில் நடந்ததைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை.

அவ்வாண்டு மே 19ஆம் திகதி, ஹம்பேர்க் பல்கலைக்கழக வைத்தியசாலையில் மூன்று பிள்ளைகள் ஒரே வகையான சிறுநீரகப் பாதிப்புடன் அனுமதிக்கப்பட்டுள்ளதாக ரொபேர்ட் கொக் நிறுவனத்திற்கு அறிவிக்கப்பட்டது. 'ஏஹெக்' எனப்படும் குடற் பக்ரீரியா சுரக்கும் நஞ்சு, இரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, இரத்தத் தட்டுக்களைக் குறைத்து, சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் நிலை அது. எச்.யூ.எஸ். என்று சொல்வோம். வழமையில் சிறு பிள்ளைகளுக்கே வரும். இம்முறை பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் வளர்ந்தவர்கள், அதிலும் பெண்கள். தொற்று அடங்கியபோது ஜேர்மனியில் 3,800 பேருக்கு மேல் நோயுற்றிருந்தார்கள். 855 பேருக்கு எச்.யூ.எஸ். ஏற்பட்டது. 53 பேர் இறந்தார்கள்.

எந்த உணவால் வந்தது என்பதுதான் கேள்வி. மே 26இல் ஸ்பானிய வெள்ளரிக்காயில் ஏஹெக் கிருமி காணப்பட்டதாக ஹம்பேர்க் அதிகாரிகள் அறிவித்தார்கள். சில நாட்களில் அது வேறு வகைக் கிருமி என்று தெரியவந்தது. அதற்குள் ஸ்பானிய விவசாயிகளின் பிழைப்பு கெட்டுவிட்டது.

ஏன் இவ்வளவு தடுமாற்றம்? உணவு வயிற்றுக்குள் போய் நோய் தொடங்குவதற்கு ஏறக்குறைய எட்டு நாட்கள் எடுத்தன. போன கிழமைக்கு முதல் கிழமை என்ன சாப்பிட்டீர்கள் என்று நாம் நோயாளரைக் கேட்டால், "வழமையான சாப்பாடுதான் டொக்டர்" என்பதே பதில். உண்மையான காரணமோ சலாட்டின் மேல் தூவப்பட்ட ஒரு பிடி முளைவிட்ட தானியம். அதைச் சாப்பிட்டதாக நினைவில் வைத்திருந்தவர்கள், விசாரிக்கப்பட்ட நோயாளரில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் மட்டுமே. அதனால் முதலில் நடந்த ஆய்வுகளில் அது அகப்படவில்லை.

மனித நினைவு கைவிட்ட இடத்தில் கடதாசிகள் உதவின. பல விருந்தினர் குழுக்கள் நோயுற்ற ஓர் உணவகத்தில், சாப்பிட்டவர்களின் ஞாபகத்தை நம்பாமல், யார் என்ன ஓடர் செய்தார்கள் என்பதைப் பதிவுகளிலிருந்து எடுத்தார்கள். ஒவ்வொரு கோப்பையிலும் என்னென்ன போட்டீர்கள் என்று சமையற்காரரைக் கேட்டார்கள். முளைகள் இருந்த உணவை உண்டவர்களுக்கு நோய் பல மடங்கு அதிகமாக இருந்தது. மறுபுறம், ஆட்கள் கூட்டமாக நோயுற்ற 41 இடங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் முளைகள் எவரிடமிருந்து வந்தன, அவருக்கு எவர் கொடுத்தார் என்று விநியோகச் சிட்டைகளைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டு போனார்கள். எல்லாக் கோடுகளும் ஹம்பேர்க்கிற்குத் தெற்கே பீனன்பூற்றலில் இருந்த ஒரே பண்ணையில் போய் முடிந்தன. யூன் 10இல் அது அறிவிக்கப்பட்டது.

பண்ணையில் பலவகை விதைகள் முளைக்கவைக்கப்பட்டன. எது என்று தெரிய பிரான்ஸ் உதவியது. யூன் மாதத்தில் போர்தோ நகருக்கு அருகே, கடையில் வாங்கிய சிறு விதைப் பக்கெற்றுகளிலிருந்து முளைக்கவைத்ததை உண்ட சிலருக்கு அதே கிருமி தொற்றியது. இரண்டு இடங்களுக்கும் பொதுவானது வெந்தயம். இரு பட்டியல்களையும் முன்னும் பின்னுமாகத் தேடியபோது ஒரு தொகுதி இலக்கம் கிடைத்தது: 48088. 2009இல் எகிப்திலிருந்து கப்பலில் வந்த 15 தொன் வெந்தயம். அதில் 75 கிலோ மட்டுமே அந்தப் பண்ணைக்குப் போயிருந்தது. 2011 யூலை 5இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை இதை வெளியிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, ஆய்வுகூடத்தில் அந்த விதையில் கிருமி ஒருபோதும் அகப்படவில்லை. குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது சிட்டைகளும் இலக்கமும்தான்.

இந்த அனுபவத்தின் பின் ஜேர்மன் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 'பூட்செயின் லாப்' என்ற மென்பொருளை உருவாக்கியது. வாங்கியவர், விற்றவர், தொகுதி, திகதி ஆகியவற்றைக் கொடுத்தால், நோயாளர் எல்லோருக்கும் பொதுவான புள்ளி எது என்பதை அது வரைபடமாகக் காட்டும்.

தொழிற்சாலைகளில் உள்ள மென்பொருளும் இதே வேலையைத்தான் உள்ளுக்குள் செய்கிறது. மூட்டை வந்திறங்கும்போது அதற்கு ஓர் இலக்கம்; அரைக்கும்போதும் கலக்கும்போதும் எந்த மூட்டை எந்த இயந்திரத்தில் போனது என்ற பதிவு; வெளியேறும் பக்கெற்றுக்கு இன்னோர் இலக்கம். ஒரு பக்கெற்றிலிருந்து பின்னோக்கி மூட்டைக்கும், ஒரு மூட்டையிலிருந்து முன்னோக்கி எல்லாப் பக்கெற்றுகளுக்கும் போகலாம். ஒரு தொழிலாளி ஒருமுறை பதிய மறந்தால் சங்கிலி அவ்விடத்தில் அறுந்துவிடும். பிறகு எல்லாவற்றையும் திருப்பியெடுக்க வேண்டியதுதான். 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், எவரிடம் வாங்கினோம், எவருக்குக் கொடுத்தோம் என்ற ஒரு படியை மட்டுமே கேட்கிறது. உள்ளே மூட்டையும் பக்கெற்றும் எப்படி இணைகின்றன என்பதை அது வெளிப்படையாகக் கட்டாயப்படுத்தவில்லை. இது போதாது என்பதே எமது அபிப்பிராயம். முளைகளுக்கும் அவற்றின் விதைகளுக்கும் 2013இல் தொகுதி இலக்கத்துடன் கூடிய தனி விதி வந்தது.

மருந்தில் நிலைமை இதைவிட நன்று. 2019 பெப்ரவரி 9 முதல் மருத்துவச் சிட்டைக்கு வழங்கும் மருந்துகளின் பெட்டிகளில் உள்ள சதுரக் குறியீட்டில் தொகுதி இலக்கமும் அந்தப் பெட்டிக்கே உரிய தனி இலக்கமும் உண்டு. ஆனால் ஊரிலிருந்து பயணப்பெட்டிக்குள் வரும் இருமல் பாணிக்கு இந்தக் காவல் இல்லை. 2025 ஒக்ரோபரில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' பாணியின் எஸ்.ஆர்.-13 என்ற தொகுதியில் டைஎதிலீன் கிளைக்கோல் என்ற நச்சு இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். பிள்ளைகளுக்குத் தயவுசெய்து ஊர்ப் பாணி கொடுக்க வேண்டாம்.

இனி வெந்தயத்துக்கு வருவோம். பயந்து விலக்கத் தேவையில்லை. நன்றாகச் சூடேறும் கறியில் கிருமி இறந்துவிடும். ஊறவைத்துப் பச்சையாக விழுங்குவதும், முளைகட்டிச் சலாட்டில் போடுவதும் வேறு விடயம். இரவு முழுவதும் அறைவெப்பத்தில் ஈரமாக இருப்பது பக்ரீரியாவுக்கும் விருப்பமான சூழல்தான். கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள், முதியோர், எதிர்ப்புச் சக்தி குறைந்தோர் பச்சை முளைகளைத் தவிர்க்கவும். நீரிழிவுக்காக விழுங்குபவர்கள் அதைத் தண்ணீரில் கொதிக்கவைத்து எடுக்கலாம். நீரிழிவு மாத்திரையை மட்டும் அதற்காக நிறுத்திவிட வேண்டாம்.

போத்தலில் கொட்டும்போது உறையில் இலக்கமும் திகதியும் உள்ள துண்டை வெட்டிப் போத்தலுக்குள்ளேயே போட்டுவிடுங்கள். 'எல்' என்ற எழுத்துடன் தொடங்குவது பெரும்பாலும் அதுதான். திருப்பியெடுக்கப்படும் பொருட்களை 2011 ஒக்ரோபர் முதல் 'லேபென்ஸ்மிற்றல்வார்னுங்' என்ற அரச இணையத்தளம் தொகுதி இலக்கத்துடன் அறிவிக்கிறது. துண்டு இல்லாவிட்டால் உங்கள் போத்தலில் இருப்பது எது என்று எவராலும் சொல்ல முடியாது.

வயிற்றோட்டத்துடன் இரத்தம் போனால் அன்றே வைத்தியரிடம் செல்லவும். வயிற்றோட்டத்தை நிறுத்தும் மாத்திரையையோ வீட்டில் மிஞ்சியிருக்கும் அன்ரிபயோற்றிக்கையோ தாமாக எடுக்க வேண்டாம். ஏஹெக் தொற்றில் அவை நிலைமையை மோசமாக்கக்கூடும். சிறுநீர் குறைந்தாலோ முகம் வெளிறினாலோ 112ஐ அழைக்கவும். சாப்பிட்ட உணவின் பக்கெற் கையில் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள்.